லிவர்பூலுக்கு அவே மேட்ச் பார்க்கப் போகிறவர் பழைய பப்களை எப்படிப் பார்ப்பது?

நியூகாசிலில் மேற்படிப்புக்காக வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் நியூகாசில் யுனைடெட் அணி லிவர்பூல் ஊருக்கு ஆடப் போகும்போது நானும் அவே ரசிகர்களோடு போகலாம் என்றிருக்கிறேன். அங்கே இருக்கும் இரண்டு அணிகளில் எவர்டன் ஆட்டமா, லிவர்பூல் ஆட்டமா, எதற்கு டிக்கெட் கிடைக்கும் என்று இன்னும் தெரியாது. அப்படியே அந்த ஊரின் பழைய பப்களையும் பார்த்துவிட ஆசை. எங்கே, எப்போது போவது? வெளியூர் ரசிகன் என்று தெரிந்தால் வம்பு வருமா? இத்தனைக்கும் நான் பெரிய குடிகாரன் கிடையாது."

கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெரிய குடிகாரனாக இல்லாததுதான் இந்தக் காரியத்துக்கு முதல் தகுதி. லிவர்பூலின் பழைய பப்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. கூரையில் ஒரு வேலைப்பாடு, கண்ணாடியில் ஒரு வேலைப்பாடு, சுவரோடு ஒட்டிய பெஞ்சில் ஒரு வேலைப்பாடு. நாலு பைன்ட் உள்ளே போனவனுக்குக் கூரை எங்கே தெரியப் போகிறது?

என் யோசனை சுருக்கமாக இதுதான்: ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள பப்களை விட்டுவிடுங்கள். காலையிலேயே நகர மையத்தில் இறங்கி, ஆட்டத்துக்கு முன் இரண்டே இரண்டு பப். ஆட்டம் முடிந்து ஒன்று. பட்டியல் போட்டு ஏழெட்டு பப் ஏறி இறங்குகிறவர்களுக்கு எதுவுமே நினைவில் நிற்பதில்லை.

போவது எப்படி என்பதிலேயே பாதி விஷயம் தீர்ந்துவிடும். கிளப் ஏற்பாடு செய்யும் கோச்சில் போனால் பப் ஆசையை மறந்துவிட வேண்டியதுதான். ஃபுட்பால் ஆட்டத்துக்கு ரசிகர்களை ஏற்றிச் செல்லும் கோச்சில் மது வைத்திருப்பதே 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த வண்டி நேராக ஸ்டேடியத்தில் இறக்கிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் நேராகத் திரும்பும். ரயிலில் போங்கள். நியூகாசிலிலிருந்து லைம் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆனால் டிவி ஒளிபரப்புக்காக ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சனிக்கிழமை மூன்று மணி என்று போட்டிருப்பது ஞாயிறு மாலைக்குப் போய்விடலாம். தேதி உறுதியாகும் வரை பணம் திரும்பாத ரயில் டிக்கெட்டை எடுக்காதீர்கள். ஆட்ட டிக்கெட்டை உங்கள் கிளப் மூலமாகத்தான் வாங்க முடியும். பிரீமியர் லீகில் அவே டிக்கெட் விலைக்கு 2016 முதல் 30 பவுண்ட் உச்சவரம்பு இருப்பதால், அந்த மிச்சத்தைப் பப்பில் செலவழிக்கலாம்.

இந்த ஊரைப் பொறுத்தவரை பப்பும் ஃபுட்பாலும் வேறு வேறு சமாச்சாரங்கள் இல்லை. இது தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற இடமெல்லாம் கூடுதலாகப் பேசும். 1878-இல் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் தேவாலயத்துப் பையன்கள் ஒரு அணி ஆரம்பித்தார்கள். தேவாலயத்துக்கு வெளியே இருந்தும் ஆட்கள் சேர, மறு ஆண்டு அதற்கு எவர்டன் என்று பெயர் மாற்றினார்கள். தேவாலயப் பிள்ளைகளின் அணிக்குப் பெயர் மாற்றும் கூட்டம் நடந்த இடம் குவீன்ஸ் ஹெட் என்ற மதுவிடுதி! 1884-இல் அந்த எவர்டன் ஆன்ஃபீல்டில் ஆட வந்தது. ஆமாம், இன்று லிவர்பூல் ஆடுகிற அதே ஆன்ஃபீல்டு. அதை ஏற்பாடு செய்தவர் ஜான் ஹோல்டிங். பீர் ஆலை முதலாளி, அரசியல்வாதி, பிற்பாடு நகர மேயரும் ஆனவர். ஆட்டக்காரர்கள் உடை மாற்றியது பக்கத்தில் இருந்த அவருடைய சாண்டன் ஹோட்டலில். மைதானத்தில் பானம் விற்கும் உரிமையும் அவர் கையில்தான். கூட்டம் கூடக் கூட அவருக்கு இரட்டை லாபம்.

1888-இல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது அதில் இருந்த பன்னிரண்டு அணிகளில் எவர்டனும் ஒன்று. 1891-இல் சாம்பியன் ஆனது, ஆன்ஃபீல்டில் ஆடிக்கொண்டே. வருமானம் ஏற ஏற ஹோல்டிங் வாடகையையும் ஏற்றினார். கமிட்டியில் இருந்த மற்றவர்களுக்கு எரிச்சல். அவர்களில் மதுவிலக்குப் பக்கம் சாய்ந்த மெதடிஸ்ட்களும் இருந்தார்கள் என்பதால், இதைக் குடிக்கும் குடிக்காமைக்கும் நடந்த சண்டையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. வாடகை, நிலத்தை விற்கும் விலை, யார் கையில் அதிகாரம் என்பவைதான் அடித்தளம். பீர் அதன் மேல் ஊற்றிய எண்ணெய். 1892-இல் எவர்டன் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேன்லி பூங்காவின் மறுபக்கத்தில் குடிசன் பார்க்கை அமைத்துக்கொண்டது. ஹோல்டிங்கிடம் மைதானம் இருக்கிறது, ஆட அணி இல்லை. சரி என்று புதிதாக ஒரு கிளப்பையே ஆரம்பித்துவிட்டார். அதுதான் லிவர்பூல் எஃப்சி. உலகம் முழுக்க இத்தனை கோடிப் பேர் நெஞ்சில் போட்டுக்கொண்டு திரியும் அந்தச் சிவப்புச் சட்டை, ஒரு பீர் முதலாளியின் காலி மைதானத்தை நிரப்ப வந்தது.

சாண்டன் இன்னும் இருக்கிறது. ஆன்ஃபீல்டு ஆட்டத்துக்குப் போனால் வெளியே நின்று பாருங்கள். ஆட்ட நாளில் உள்ளே போக வேண்டாம், அது முழுக்க லிவர்பூல் அணி ரசிகர்களின் கோட்டை.

இப்போது பப்களுக்கு வருவோம். லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே பக்கத்து மூலையில் தி கிரௌன் நிற்கும். 1905-இல் கட்டியது, கூரை முழுக்கப் பொன் தடவிய சுதை வேலை. அதே தெருவில் கொஞ்சம் தள்ளி அடெல்ஃபி ஹோட்டலை ஒட்டி தி வைன்ஸ். இது 1907, அரண்மனை மாதிரி. உள்ளூர்க்காரர்கள் 'பெரிய வீடு' என்பார்கள். இரண்டையும் வந்த வேகத்தில் உள்ளே எட்டிப் பார்க்கலாம், ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். நிலையத்துப் பக்கத்துப் பப்கள் ஆட்ட நாளில் ரயிலில் வந்தவர்களால் நிரம்பிவிடும்.

மேடேறி ஹோப் ஸ்ட்ரீட்டுக்கு நடங்கள். கால் மணி நேரம். அந்தத் தெருவின் இரு முனைகளிலும் இரண்டு பேராலயங்கள். ஒன்று கத்தோலிக்கருடையது, 1967-இல் திறந்தது. இன்னொன்று ஆங்கிலிக்கனுடையது, 1978 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில், ஹார்ட்மன் ஸ்ட்ரீட் மூலையில் இருக்கிறது ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ். ஊர்க்காரர்களுக்கு வெறும் 'ஃபில்'.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 1898-இலிருந்து 1900-க்குள் ராபர்ட் கெய்ன் என்ற பீர் ஆலை அதிபருக்காக வால்டர் தாமஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டினார். வைன்ஸும் இதே இருவரின் வேலைதான். வாசலில் இரும்பும் செம்பும் கலந்த ஒரு கதவு, அந்தக் காலத்து ஆர்ட் நூவோ பாணியில். உள்ளே மரச் செதுக்கல், மொசைக் போட்ட கவுன்ட்டர், வண்ணக் கண்ணாடி, அடித்துச் செதுக்கிய செம்புத் தகடுகள். சின்ன அறைகள் இரண்டுக்கு பிராம்ஸ், லிஸ்ட் என்று இசைமேதைகளின் பெயர்கள். எதிரே ஃபில்ஹார்மோனிக் இசையரங்கம் இருப்பதன் விளைவு. பின்னால் இருக்கும் பெரிய கூடம் ஒரு காலத்தில் பில்லியர்ட்ஸ் ஆடிய இடம். ஆண்கள் கழிப்பறையில் ரோஜா நிறச் சலவைக்கல்லில் செய்த சிறுநீர்க் கலங்களைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். பெண்கள் பார்க்க விரும்பினால் கவுன்ட்டரில் கேட்டால் போதும், யாரும் விசித்திரமாக நினைக்க மாட்டார்கள். விக்டோரியா காலத்தில் பப்பாகவே கட்டப்பட்டவற்றில் முதன்முதலாக, 2020-இல், இதைத்தான் முதல் தரப் பாதுகாப்புச் சின்னமாக உயர்த்தினார்கள். பக்கிங்காம் அரண்மனைக்குக் கொடுத்திருக்கும் அதே தரம்.

ஒரு சாராயக் கடைக்கு ஏன் இவ்வளவு செலவு? காரணம் சுவாரசியமானது. 1869-க்கு முன்னால் பீர் கடைக்கு உரிமம் வாங்குவது மிகச் சுலபம், கட்டணம் கட்டினால் போதும். அந்த ஆண்டுச் சட்டம் அதை நீதிபதிகள் கையில் கொடுத்தது. புதிய உரிமம் கிடைப்பது குதிரைக் கொம்பானதும், இருக்கிற பப்களின் விலை தாறுமாறாக ஏறியது. பீர் ஆலைகள் பங்குச் சந்தையில் பணம் திரட்டி, போட்டி போட்டுக்கொண்டு பப்களை வாங்கின. வாங்கியதை அழகாக்கினால்தான் கூட்டமும் வரும், 'இது கண்ணியமான இடம்' என்று நீதிபதியும் நம்புவார். அயர்லாந்தில் பிறந்து இங்கே வந்து பிழைத்த கெய்ன் 1907-இல் இறக்கும்போது இருநூறுக்கும் மேற்பட்ட பப்களுக்குச் சொந்தக்காரர். இன்னொரு தகவல்: அவர் பெயரில் நடந்த அந்த ஆலையை 2002-இல் வாங்கியவர்கள் துசாஞ்ச் என்ற பஞ்சாபி வம்சாவளிச் சகோதரர்கள். பத்தாண்டு தாண்டிக் கொஞ்ச நாளில், 2013-இல், அங்கே பீர் காய்ச்சுவது நின்றுவிட்டது.

ஃபில்லில் ஒரு அரை பைன்ட் போதும். காலை பதினொன்று, பன்னிரண்டு மணிக்குப் போனால் அறை அறையாகச் சுற்றிப் பார்க்க இடம் இருக்கும். இரண்டு மணிக்குப் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ரோஸ்கோ ஸ்ட்ரீட்டில் உள்ள ரோஸ்கோ ஹெட். ஃபில்லுக்கு நேர் எதிர். ஒரு சாதாரண வீட்டின் அளவுதான், நாலு சின்ன அறைகள். பளபளப்பு ஒன்றும் கிடையாது. அடிமை வியாபாரத்தில் கொழுத்த ஊரிலேயே இருந்துகொண்டு அடிமை முறையை எதிர்த்த வில்லியம் ரோஸ்கோவின் பெயர் அதற்கு. காம்ரா என்றொரு அமைப்பு 1971-இல் ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகள் பழைய முறைப் பீரை ஒழித்துக்கட்டுகின்றன என்று எதிர்த்துக் கிளம்பிய குடிமக்கள் சங்கம். அவர்கள் 1974 முதல் ஆண்டுதோறும் நல்ல பீர் கிடைக்கும் பப்களின் கையேடு ஒன்று போடுகிறார்கள். அதன் ஒவ்வொரு பதிப்பிலும் விடாமல் இடம்பெற்ற பப்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று இது. என்னைக் கேட்டால் ஃபில்லைப் பார்ப்பதற்கு, இதை உட்காருவதற்கு. ஊர்ப் பெரியவர்கள் இங்கேதான் இருப்பார்கள், பேச்சும் இங்கேதான் நடக்கும்.

பெரும்பாலான பழைய பப்களில் இப்படி அறை அறையாக இருந்தது. கவுன்ட்டருக்குப் பக்கத்தில் 'ஸ்னக்' என்ற குட்டி அறை, உழைப்பாளிகளுக்கு ஒரு பக்கம், கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து மெத்தையில் உட்கார இன்னொரு பக்கம். சுவரில் மணி அடிக்கும் பொத்தான்கூட இருக்கும். அந்தக் காலத்தில் அதை அழுத்தினால் ஆள் வந்து கேட்டுக்கொண்டு போவான். இப்போது அழுத்தினால் யாரும் வர மாட்டார்கள். 1960-களிலும் 70-களிலும் ஒரே ஆள் நின்று மொத்தக் கடையையும் பார்த்துக்கொள்ள வசதியாகச் சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவைதான் நாம் தேடிப் போகிறவை.

சரி, என்ன குடிப்பது? லாகர் என்ற வழக்கமான சில்லென்ற பீர் எந்த ஊரிலும் கிடைக்கும். இங்கே காஸ்க் ஏல் கேளுங்கள். கவுன்ட்டரில் உயரமான கைப்பிடி பம்ப் இருக்கும், அதைப் பிடித்து இழுத்து ஊற்றுவார்கள். சாதாரண லாகரை வடிகட்டி, ஈஸ்ட்டை நீக்கி, கரியமில வாயுவை ஏற்றி அனுப்புகிறார்கள். காஸ்க் ஏல் அப்படியில்லை. ஈஸ்ட் உயிரோடுதான் பீப்பாய்க்குள் வருகிறது. பப்பின் நிலவறையில் அது இரண்டாம் முறை நொதித்து, கசடு அடியில் தங்கி, தெளிந்த பிறகே ஊற்றுவார்கள். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் தீர்த்தாக வேண்டும், இல்லையென்றால் புளிக்க ஆரம்பிக்கும். அதனால் கூட்டம் வருகிற பப்பில்தான் பீர் நன்றாக இருக்கும். வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி. 'இங்கிலாந்தில் சூடான பீர் கொடுப்பார்கள்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இதைத்தான். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தால் மால்ட்டின் வாசமே தெரியாது. முதல் முறை என்றால் மதுவின் அளவு நாலு சதவீதத்தை ஒட்டிய பிட்டரோ பேல் ஏலோ எடுங்கள். எது என்று தெரியவில்லையா, கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேளுங்கள், சின்னக் கிளாஸில் சும்மா ஊற்றித் தருவார்கள். வினிகர் மாதிரி அடித்தால் திருப்பிக் கொடுக்கலாம், மாற்றித் தருவது வழக்கம்.

நீங்கள் சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. பல காஸ்க் ஏல்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அது கசடோடு அடியில் போய்விடும் என்றாலும் மீன் மீன்தானே. 'வீகன் பீர் இருக்கிறதா' என்று கேட்டால் எது எது என்று காட்டுவார்கள். இப்போது நிறையவே வருகிறது.

பைன்ட் என்பது 568 மில்லி. அரை பைன்ட் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை, நாள் முழுக்கச் சுற்றுகிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். மது வேண்டாம் என்று லைம் சோடா வாங்கினாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நம்மூர் டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பாட்டி இருப்பார், நாய் இருக்கும், சில பப்களில் பகலில் குழந்தைகளும் இருப்பார்கள்.

பப்புக்குள் எழுதாத சட்டங்கள் சில உண்டு. மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்கலாம், நீங்கள்தான் கவுன்ட்டருக்குப் போய் வாங்க வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிட்டு உங்களிடம் கேட்டால் "அவர் முதலில்" என்று கை காட்டுங்கள். இந்த ஒரு செய்கைக்கு எத்தனை மரியாதை கிடைக்கும் என்று பார்ப்பீர்கள். கார்டை நீட்டி ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது எல்லாம் கூடாது. டிப்ஸ் கட்டாயமில்லை. மிகவும் பிடித்துவிட்டால் "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது பழைய வழக்கம். காலி கிளாஸைக் கிளம்பும்போது கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனால் நல்ல பிள்ளை.

அப்புறம் 'ரவுண்ட்'. நாலு பேராகச் சேர்ந்தால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். நாலு பேர் என்றால் நாலு பைன்ட், தப்பிக்க முடியாது. அவே பயணத்தில் ரயிலிலேயே இந்தக் கணக்கு ஆரம்பித்துவிடும். உங்களைப் போன்றவர்கள் தொடக்கத்திலேயே "நான் ரவுண்டில் இல்லை, என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். முதல் பைன்டை ஓசியில் வாங்கிக்கொண்டு பிறகு சொன்னால் கஞ்சன் என்ற பெயர் வந்துவிடும்.

வம்பு வருமா என்று கேட்டீர்கள். நகர மையத்தில் பெரும்பாலும் வராது. சுற்றுலாப் பயணிகளும் மாணவர்களும் நிறைந்த ஊர். உங்கள் அணியின் கறுப்பு வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் கிண்டல் செய்வார்கள், நீங்களும் திருப்பிச் செய்யலாம். இருந்தாலும் என் பழக்கம், ஸ்கார்ஃபைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்டேடியத்துக்குள் போன பிறகு எடுப்பது. ஜெர்சிக்கு மேல் ஒரு ஜாக்கெட். பயத்தால் இல்லை, ரோஸ்கோ ஹெட் மாதிரி இடத்தில் ரசிகனாக இல்லாமல் வாடிக்கையாளனாக உட்கார முடியும் என்பதால். ஸ்டேடியத்தை ஒட்டிய பப்களில் 'ஹோம் ரசிகர்களுக்கு மட்டும்' என்று பலகை இருக்கும், வாசலில் நிற்கும் ஆள் டிக்கெட்டைக்கூடக் கேட்பார். வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள். நிறத்தை வைத்து யாராவது ஏதாவது சொன்னால், ஸ்டேடியத்துக்குள் என்றால் கூட்டத்தைக் கவனிக்கும் பணியாளரிடம் (ஸ்டூவர்ட்) இருக்கை எண்ணோடு உடனே சொல்லுங்கள். ஃபுட்பாலில் இனவெறியை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பிடமும் புகார் செய்யலாம். பொறுத்துப் போக வேண்டியதில்லை.

இந்த ஊரில் கிண்டலுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் நடந்த நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். ரசிகர்கள்தான் காரணம் என்று தி சன் பத்திரிகை பொய்யாக எழுதியது. இன்றுவரை இந்த ஊரில் பல கடைகள் அதை விற்பதில்லை, எவர்டன்காரர்களும் வாங்குவதில்லை. ரயிலில் யாரோ விட்டுப்போன அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பப்புக்குள் நுழையாதீர்கள். அவே பகுதியில் சில அற்பர்கள் அந்தச் சாவுகளை வைத்துப் பாட்டுப் பாடுவார்கள். அது வழக்குக்கும் மைதானத் தடைக்கும் உள்ளாகும் குற்றம். பக்கத்தில் நின்று சிரிக்கக்கூட வேண்டாம்.

ஆன்ஃபீல்டு ஆட்டம் என்றால் நகர மையத்திலிருந்து மூன்று, நாலு கிலோமீட்டர். ஆட்டம் தொடங்க ஒன்றேகால் மணி நேரம் முன்னால் பேருந்தைப் பிடித்துவிடுங்கள். ஆட்ட நாளுக்கென்றே தனிப் பேருந்தும் விடுவார்கள். அவே ரசிகர்களின் இடம் ஆன்ஃபீல்டு ரோட் ஸ்டாண்டில். அந்தப் பக்கத்துத் தெருமுனையில் ஆர்கிள்ஸ் என்ற பப் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கூடுவதற்குப் பெயர் போனது. உங்கள் ஊர்ப் பாட்டுகளைக் கூட்டத்தோடு சேர்ந்து பாட ஆசை என்றால் போகலாம். பீருக்காகவோ கட்டடத்துக்காகவோ போக வேண்டாம்.

எவர்டன் ஆட்டம் அமைந்தால் பப் பிரியருக்கு அதுதான் அதிர்ஷ்டம். குடிசன் பார்க்கை 2025 மே மாதத்தோடு ஆண்கள் அணி காலி செய்துவிட்டு, பிராம்லி-மூர் துறைமுகத் தளத்தில் கட்டிய ஹில் டிக்கின்சன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. ஐம்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், நேராக மெர்சி ஆற்றங்கரையில். 1848-இல் திறந்த துறைமுகத் தளம் அது. துறைமுகப் பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லி கட்டிய கருங்கல் மதில் இன்னும் ரீஜென்ட் ரோட் நெடுக நிற்கிறது. இந்தத் திட்டமும் சேர்ந்துதான் 2021-இல் லிவர்பூலை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலிருந்து தூக்கவைத்தது. ஸ்டேடியத்துக்கு எதிரே தி பிராம்லி-மூர் என்றே ஒரு பப் உண்டு. கப்பல் கூலிகளுக்காக இருந்த சின்னக் கடை, வாசலில் ஒரு ஸ்டேடியம் வந்து இறங்கியதும் ஆட்ட நாளில் மூச்சு முட்டுகிறது. அதையும் வெளியே நின்று பார்த்தால் போதும்.

இங்கே வர இரண்டாவது பப்பை மாற்றிக்கொள்ளலாம். ரோஸ்கோ ஹெட்டுக்குப் பதில் மூர்ஃபீல்ட்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய லயன் டாவர்னுக்குப் போங்கள். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதையில் 1838 முதல் ஓடிய லயன் என்ற நீராவி எஞ்சினின் பெயர் அதற்கு. எஞ்சினே இப்போது லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே நடைபாதை முழுக்க வண்ண ஓடு, பின்னறைக்கு மேலே ஒரு கண்ணாடிக் குவிமாடம். பகலில் அதன் அடியில் உட்கார்ந்தால் வெளிச்சம் அழகாக இறங்கும். மூர்ஃபீல்ட்ஸில் ஏறினால் சாண்ட்ஹில்ஸ் சில நிமிடம், அங்கிருந்து ஸ்டேடியத்துக்கு நடை. திரும்பும்போது மட்டும் சாண்ட்ஹில்ஸில் நிற்காதீர்கள், கூட்டம் அலைமோதும். துறைமுகச் சாலையோடு நடந்தே நகரத்துக்கு வந்துவிடுங்கள். அரை மணி, முக்கால் மணி ஆகும். வழியில் ஸ்டேன்லி டாக்கின் புகையிலைக் கிடங்கைப் பார்க்கலாம். 1901-இல் கட்டிய அந்தச் செங்கல் பூதத்துக்கு முன் ஸ்டேடியமே கொஞ்சம் சாதுவாகத் தெரியும்.

எந்த ஸ்டேடியமானாலும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பீர் குடிக்க முடியாது. மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாது என்பதும் அதே 1985 சட்டம்தான். ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் நடைக்கூடத்தில் விற்பார்கள். இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் வரிசையில் நின்று, வாங்கி, ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் குவளை, கூடுதல் விலை. காலையில் ஃபில்லில் குடித்தவருக்கு இது தேவையே இல்லை. போதையில் ஸ்டேடியத்துக்குள் நுழைய முயல்வதும் குற்றம் என்பதால், வாசலில் தள்ளாடுகிறவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் காசும் போச்சு, ஆட்டமும் போச்சு.

வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த ஊரின் சொந்தச் சாப்பாடு ஸ்கௌஸ். ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ, உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம் போட்டுக் குழையக் குழைய வேகவைத்த குழம்பு. ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸும் ரொட்டியும் கூட வரும். காரம் துளியும் இருக்காது. பல பப்களில் மதியம் கிடைக்கும். இறைச்சி இல்லாமல் செய்ததற்கு 'பிளைண்ட் ஸ்கௌஸ்' என்று பெயர்.

மேலே சொன்னதெல்லாம் மூன்று மணி ஆட்டத்துக்கான கணக்கு. பன்னிரண்டரை மணி ஆட்டம் என்றால் முன்னால் எதுவும் வேண்டாம். நேரே ஸ்டேடியம், பிறகு மதியம் முழுக்கப் பப். ஒரு வகையில் இதுதான் சிறந்தது, பகல் வெளிச்சமும் இருக்கும், மூன்று மணி வாக்கில் கூட்டமும் குறைவு. மாலை ஐந்தரை ஆட்டம் என்றால் முன்னால் நிறைய நேரம் இருக்கும், அதுவே ஆபத்து. இரண்டு பப் என்ற கணக்கை அன்றுதான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிந்து வெளியே வர எட்டு ஆகிவிடும், நியூகாசிலுக்கு அன்றிரவே ரயில் பிடிப்பது சிரமம். தங்கிவிடுங்கள்.

தங்குவதாக இருந்தால் மூன்றாவது பப் பீட்டர் காவனாஸ். எகர்டன் ஸ்ட்ரீட் என்ற ஒதுக்குப்புறத் தெருவில், ஃபில்லிலிருந்து பத்து நிமிடம். காவனா என்பவர் 1897-இலிருந்து 1950 வரை அதை நடத்தினார். சுவரெல்லாம் 1929-இல் எரிக் ராபின்சன் என்ற ஓவியர் வரைந்த பெரிய படங்கள். கூரையிலிருந்து கண்ட கண்ட பழைய சாமான்கள் தொங்கும். பெஞ்சின் கைப்பிடிகளில் செதுக்கியிருக்கும் முகம் காவனாவுடையதுதான் என்பார்கள். தன் முகத்தின் மேல் ஊரே கை வைத்து உட்காரட்டும் என்று நினைத்த மனுஷன்! தங்காமல் அன்றே திரும்புவதாக இருந்தால் லைம் ஸ்ட்ரீட் மூலையில் காலையில் எட்டிப் பார்த்த கிரௌனே போதும், ரயிலுக்கு இரண்டு நிமிடத்தில் ஓடிவிடலாம்.

போவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு பப்பும் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று அவர்களுடைய பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பழைய பப்கள் மூடுவதும், கை மாறுவதும், திரும்பத் திறப்பதும் ஓயாமல் நடக்கிறது. அடையாள அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது போதும் என்றாலும் இருபத்தைந்துக்குக் கீழே தெரிகிற எல்லோரிடமும் கேட்பார்கள். மாணவர் அட்டை பல இடங்களில் செல்லாது, பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ வேண்டும்.